ஆரம்பப் பள்ளிக்கூடமும் பூட்டிய பீரோவும்

(ஒரு கிராம வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இந்த விழாவில் நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட தோழர்கள், நாம் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவைகளைப் பற்றி இந்த மேடையில் பல தடவை பேசியாகி விட்டது. இன்று நாம் எடுத்துக் கொண்ட விஷயம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் மூலையில் நிற்கும் ஒரு இரும்புப் பீரோவைப் பற்றியதாகும். "இதுவும் ஒரு விஷயமா? இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலருக்குத் தோன்றலாம். கடைசி வரை பொறுத்திருந்து கேட்டுவிட்டு, விஷயந்தானா அல்லவா என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

நாம் பிரசாரத்திற்காகப் பல கிராமங்களுக்குப் போகிறோம். மாலையில் கூட்டம் துவங்கும் வரை தங்கியிருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத் திண்ணையில்தான். அங்கெல்லாம் நாம் காண்பது என்ன? ஒரு பீரோ, அதற்கு ஒரு பூட்டு, சாவி தலைமை உபாத்தியாயரிடம். உள்ளே இருநூறு முந்நூறு புத்தகங்கள். பாதி பிரிக்கப்படாதவை, மீதி செல்லரித்தவை. "ஏன் ஐயா பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "பிள்ளைகள் கிழித்து விடுவார்கள், தொலைத்து விடுவார்கள், தணிக்கைக்கு வருகிறவர் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துக் கேட்டால் யார் பதில் சொல்லுவது?" என்கிறார்கள். எல்லாப் பள்ளிகளும் இப்படி என்று சொல்ல வரவில்லை. கயிறு கட்டி, அதில் புத்தகங்களைத் தொங்கவிட்டு, பிள்ளைகள் தாமாக எடுத்துப் படிக்கும்படி விட்டிருக்கும் உபாத்தியாயர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு நம் வணக்கம். நாம் பேசுவது மற்ற பள்ளிகளைப் பற்றி.

தோழர்களே! சரஸ்வதி பூஜை என்று ஒன்று கொண்டாடுகிறோமே, அன்று என்ன செய்கிறோம்? புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுவதும் அதைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்கிறோம். புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை அதைப் படிக்காமலிருப்பது என்று ஒரு தேசத்தார் நினைத்தால் அவர்களை என்னவென்று சொல்லுவது? பூஜையாவது வருஷத்துக்கு ஒரு நாளோடு போகிறது. பள்ளிக்கூடப் பீரோவுக்கோ வருஷம் முழுவதும் சரஸ்வதி பூஜை! புத்தகம் காலில் பட்டு விட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறோம். ஆனால் கண்ணுக்கு முன்னால் பிரித்து வைத்துக் கொள்ளுகிறோமா என்றுதான் கேட்கிறோம்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அவர்கள் 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் நூலகரானார். 1931-ல் நூலக விதிகள் ஐந்து என்று ஒரு புத்தகம் எழுதினார். முதல் விதியே, புத்தகம் உபயோகிப்பதற்காக என்பது. ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அவர் நம் இயக்கத்தவரல்ல, பக்தி உள்ளவர். ஆனால், சரியான ஒன்றை யார் சொன்னாலும் ஏற்பதுதானே பகுத்தறிவு? சங்கிலி போய்ப் பூட்டு வந்ததற்குப் பெயர் முன்னேற்றமா?

நிற்க, தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தை எடுத்துக் கொள்வோம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 215-வது விதி, தன் நூலகங்களில் ஆயிரம் புத்தகம் வழங்கினால் ஐந்து தொலைவது இயற்கையே, நாணயக்குறைவோ அசட்டையோ இல்லாவிட்டால் அதை நஷ்டமாக ஒப்புக் கொள்ளலாம் என்று சொல்லுகிறது. பெரிய உத்தியோகஸ்தர்கள் படிக்கும் இடத்திலேயே தொலையும் என்று சர்க்கார் ஒப்புக் கொள்ளும்போது, ஏழு வயதுப் பிள்ளை ஒரு பக்கத்தைக் கிழித்தால் உலகம் முழுகிப் போய்விடுமா? கிழிந்த புத்தகம் படித்த புத்தகம். கிழியாமல் செல்லரித்த புத்தகந்தான் உண்மையில் நஷ்டம். இதை உபாத்தியாயரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. அவருடைய பயத்தைப் போக்குவது ஊராரின் கடமை. "கிழிந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று பத்துப் பேர் முன் வந்து சொல்லட்டும். பூட்டு தானே திறக்கும்.

இனி, பாடப் புத்தகம் இருக்க வேறு புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நீந்தக் கற்பவனை வாரத்துக்கு ஒரு நாள் முழங்கால் தண்ணீரில் நிறுத்தினால் நீச்சல் வருமா? எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளை, கூட்டாமல் ஓட்டமாகப் படிக்க வேண்டுமானால், தன்னால் முடிகிற சுலபமான புத்தகம் ஒன்றன் பின் ஒன்றாகக் கைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். பாடப் புத்தகமோ ஒன்றே. அதையும் பரீட்சைக்காகப் படிப்பதால் பிள்ளைக்கு அதன்மேல் ஆசையைவிடப் பயமே அதிகம். வீட்டில் புத்தகமுள்ள பிள்ளை எப்படியோ பிழைத்துக் கொள்ளும். பஞ்சாங்கமும் காலண்டரும் தவிர அச்சடித்த காகிதமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பீரோதான் கதி. அதையும் பூட்டிவிட்டால், "படிக்காதே" என்று அந்தக் காலத்து மனுதர்மம் சொன்னதை இந்தக் காலத்துப் பூட்டு சொல்லுகிறது என்றுதானே அர்த்தம்?

பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை 1935-ல் தம் பத்திரிகையில் கையாண்டு காட்டினார். அதைச் சர்க்கார் ஏற்றுக் கொண்டது 1978-ல். அதன் பலனாகப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சுமை குறைந்தது. வயிற்றுப் பசிக்கு நீதிக்கட்சிக் காலத்தில் 1920-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் துவங்கிய உணவு, 1956-ல் காமராஜராலும், 1982-ல் எம்.ஜி.ஆராலும் விரிந்து, 2022-ல் காலை உணவாகவும் வந்தது. எழுத்தைச் சுலபமாக்கினோம், வயிற்றை நிரப்பினோம், கற்ற எழுத்தைக் கொண்டு படிப்பதற்கு என்ன கொடுத்தோம்? சோறு போட்டு உட்கார வைத்த பிள்ளையின் கையில் புத்தகம் இல்லையானால் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒரு புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். பள்ளியில் தனியே கோணி விரித்து உட்கார வைக்கப்பட்ட ஒரு பையன், பம்பாயில் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து படிப்பதை கிருஷ்ணாஜி கேளுஸ்கர் என்ற உபாத்தியாயர் பார்த்தார், விசாரித்தார், உதவினார். 1907-ல் அந்தப் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் சரித்திரத்தைப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பையன்தான் அம்பேத்கர். 1956-ல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பவுத்தம் தழுவினார். அந்த ஒரு புத்தகத்தினாலேயே எல்லாம் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் ஒரு பீரோவுக்குள் பத்திரமாக இருந்திருந்தால் யாருக்கு என்ன பயன்?

அவருக்குப் படிப்புதவி கொடுத்த பரோடா மன்னர் சாயாஜிராவ், 1906-ல் தம் சமஸ்தானம் முழுவதும் கட்டாய ஆரம்பக் கல்வி ஏற்படுத்தினார். அத்தோடு நின்றாரா? படித்தவன் படித்ததை மறந்து போகாமலிருக்க வேண்டுமே என்று, 1910-ல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்பவரை வரவழைத்து, ஊர் ஊராகப் புத்தகப் பெட்டிகளை அனுப்பினார். நம் மன்னார்குடிப் பக்கத்திலும் 1931-ல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். மாட்டு வண்டியிலேயே முடிந்த காரியம் மோட்டாரும் செல்போனும் உள்ள காலத்தில் முடியாதா?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. கட்டாயக் கல்விச் சட்டம் 2009, ஒவ்வொரு பள்ளியிலும் பத்திரிகைகளும், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லா விஷயப் புத்தகங்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே விதித்திருக்கிறது. ஆகவே இது தர்மம் கேட்பதல்ல, பாத்தியதை கேட்பது. 2018-ல் ஏற்பட்ட திட்டப்படி ஆரம்பப் பள்ளிக்கு நூலகத்துக்காக வருஷத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வரை உண்டு. புத்தகம் ஒன்று ஐம்பது ரூபாய் வீதம் நூறு புத்தகம் ஆயிற்று. ஆனால் 2024-25-ல், தன் வேறொரு திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு கல்வி நிதியையே நிறுத்தி வைத்ததைப் பார்த்தோம். ஆகவே பாத்தியதையையும் விடக் கூடாது. அதை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் கூடாது. அதே சட்டப்படியான பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தாய்மார்களே! கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். "இந்த வருஷம் புத்தகத்துக்கு எவ்வளவு வந்தது? என்ன வாங்கினீர்கள்? பீரோவைத் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அன்றியும், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோமே, கொடுக்காதவனை ஊர்க் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கிறோமே, அந்த வரி கற்பூரமாகவும் வாணமாகவும் ஒரே இரவில் புகையாகிறது. இருநூறு தலைக்கட்டுள்ள ஊரில் வீட்டுக்கு நூறு ரூபாய் புத்தக வரி போட்டால் இருபதாயிரம் ரூபாய், நானூறு புத்தகம்! பக்திமான்களுக்கும் சொல்லுகிறோம்: உங்கள் சாமிக்குக் கொடுப்பதை நிறுத்த உங்களுக்கு மனம் வராவிட்டால் அதையும் கொடுத்து இதையும் கொடுங்கள். உங்கள் பிள்ளையும்தானே படிக்கப் போகிறது?

என்ன புத்தகம் வாங்குவது என்பதில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். வீட்டில் பரண் காலி செய்யும் போது கிடைத்த பழைய வழிகாட்டிகளையும், மந்திர தந்திர, சோதிடப் புத்தகங்களையும் பள்ளிக்குத் தானம் செய்வது தானமல்ல, குப்பை கொட்டுவதாகும். யாராவது ஸ்தல புராணங்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்பலாம். அரசாங்கப் பணத்திலேயே நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு; விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்பது 1976-ல் சேர்ந்த 51-ஏ பிரிவு.

இங்கு நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். "புராணத்தை எடுத்துவிட்டு நம் பிரசுரங்களை வைத்து விடலாமே" என்று சிலர் சொல்லுகிறார்கள். கூடாது என்பது நம் அபிப்பிராயம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நம் பிரசங்கமும் மனப்பாடந்தான். புரியாமல் மனப்பாடம் செய்கிற எதுவும் மந்திரந்தான். நரி பேசுகிற கதை, நிலா இறங்கி வருகிற கதை கூட வேண்டாம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. நரி பேசாது என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். கதையைக் கதை என்று சொல்லிக் கொடுப்பதில் மோசமில்லை. கதையை நடந்தது என்று சொல்லி, நம்பாவிட்டால் நரகம் என்று மிரட்டுவதுதான் மோசம். பிள்ளைக்கு வேண்டியது கேள்வி கேட்கும் பழக்கம். அது வந்துவிட்டால் நம் பிரசுரங்களைத் தேடிக் கொண்டு தானே வருவான். நம்மையும் கேள்வி கேட்பான். கேட்கட்டும்!

ஆகவே, முதல் இரண்டு வகுப்புக்குப் பெரிய எழுத்தும் படமும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியுமுள்ள புத்தகங்கள். மேல் வகுப்புக்குக் கதை, பாட்டு, பிராணிகள், நட்சத்திரம், கிரகணம், உடம்பு, மனிதர் சரித்திரம். சர்க்காரே வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. அறிவியல் இயக்கத்தார் 1987 முதல் நடத்தும் துளிர் பத்திரிகை இருக்கிறது. வாங்கும்போது படங்களையும் பாருங்கள். அம்மா எப்போதும் அடுப்படியிலும், அப்பா எப்போதும் நாற்காலியிலும் இருக்கும் புத்தகமாகவே வாங்காதீர்கள். புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளையே அழைத்துப் போய் அவர்கள் கை வைப்பதை வாங்குங்கள். படிக்கப் போகிறது அவர்களல்லவா?

வாங்கினால் மட்டும் போதாது. புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் வழங்கல் பதிவேட்டைக் கொடுங்கள். ஒரு பெண், ஒரு ஆண். காலனிப் பிள்ளை எடுத்துப் போன புத்தகமே மறுநாள் தெருப் பிள்ளை வீட்டுக்கும் போகட்டும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒன்றாக உட்கார மறுக்கிற ஊரில், ஒரே புத்தகம் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஏறி இறங்குவது சாமானியமான காரியமல்ல. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டட்டும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு வாசகர்கள்.

தோழர்களே! இந்த வாசகசாலை இளைஞர்களுக்கு நாம் விடும் வேண்டுகோள் இதுதான். வருகிற வாரம் நாலு பேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். உபாத்தியாயரோடு சண்டைக்கல்ல, துணைக்கு. பீரோவைத் திறந்து, தூசி தட்டி, செல்லரித்ததைக் கழித்து, நல்லதைக் கணக்கெடுத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை. புதியதை அதன் பிறகு வாங்கலாம். அடுத்த ஆண்டு விழாவுக்கு நம்மைக் கூப்பிட்டால், மாலை வேண்டாம். புத்தகம் எடுத்துச் சென்ற பிள்ளைகளின் பெயர்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். நாம் சொன்னவைகளையும் அப்படியே நம்பி விடாமல் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.