மார்பு உயரத்தில் ஒரு கயிறு



நம் திண்டுக்கல் பக்கத்துப் பழைய சாலைகளில் புளியமரங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மரம் எத்தனை மூட்டை காய்க்கும் என்பது குத்தகைக்காரருக்கு மனப்பாடம். ஆனால் மாவட்டத்திலேயே பருத்த புளியமரம் எது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு மரத்தைக் காட்டுவார்கள். நாலு பேர் கைகோத்தாலும் எட்டாது என்பார்கள். யாருடைய கை, எந்த உயரத்தில் கோத்த கை?

அதற்குத்தான் ஒரு கணக்கு இருக்கிறது. தரையிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். நம் வனத்துறையினர் மார்பு உயரம் என்பது இதைத்தான். அடிமரத்தில் வேர் புடைத்துக் கிடக்கும். அங்கே அளந்தால் மரத்துக்கு இல்லாத பருமன் வந்துவிடும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து நாலரை அடி. அந்த இடத்தில் முண்டு இருந்தால், அதற்குக் கீழே மெலிந்த பாகத்தில் கயிறு சுற்ற வேண்டும்.

உயரத்துக்கு மரம் ஏற வேண்டாம். ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டுங்கள். கண்ணுக்கும் பிடிக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு நீளம் பிடிக்கு மேலே நிற்கும்படி குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சமதரையில் பின்னோக்கி நடங்கள். பிடி மரத்தின் அடியோடும் குச்சியின் நுனி உச்சிக் கொப்போடும் பொருந்தும் இடத்தில் நின்றுவிடுங்கள். அங்கிருந்து மரத்தடிக்கு எத்தனை அடியோ, மரமும் ஏறக்குறைய அத்தனை அடி.

அமெரிக்காவில் 1940 முதல் இப்படித்தான் ஒவ்வோர் இனத்திலும் பெரிய மரத்தைத் தேடிப் பட்டியல் போடுகிறார்கள். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, உயரத்தை அடியில் கூட்டி, கிளை விரிவின் சராசரியில் கால் பங்கைச் சேர்ப்பார்கள். பதினைந்து அடிச் சுற்றளவு, அறுபது அடி உயரம், எண்பது அடி விரிவு என்று ஒரு மரத்தை வைத்துக்கொள்வோம். 180, 60, 20. மொத்தம் 260 புள்ளி.

ஆலமரத்திடம் இந்தக் கணக்கு பலிக்காது. கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் பூங்காவின் ஆலமரத்துக்குத் தாய்மரமே இல்லை; பூஞ்சை அரித்ததால் 1925இல் அகற்றிவிட்டார்கள். மரம் விழுதுகளில் நிற்கிறது, நாலு ஏக்கருக்கு மேல் பரந்து. அங்கே எதைச் சுற்றிக் கயிறு போடுவது? நிழலைத்தான் அளக்க வேண்டும்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கொடைக்கானலில் 1908இல் உருவான பிரையண்ட் பூங்கா இருக்கிறது. அதைவிட எனக்கு நெருக்கமானது நத்தம் வட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு. அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி 4.97 எக்டேர், ஏறத்தாழ பன்னிரண்டு ஏக்கர். மாமரங்கள் நிறைந்த தோப்பு. 2025 மார்ச்சில் தமிழக அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இரண்டாவது. சாமிக்குப் பயந்து ஊர் காத்த மரங்கள். சட்டம் பிறகுதான் வந்தது.

அங்கே போவதானால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், பெயிண்டால் குறியிட வேண்டாம். சணல் கயிற்றை இறுக்காமல் சுற்றி, முனை சேரும் இடத்தில் முடிச்சிட்டு, பிறகு டேப்பில் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்துத் தரையிலிருந்து அளந்தீர்கள் என்பதையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருஷம் வேறொருவர் அதே இடத்தில் கயிறு பிடிக்க அது வேண்டும்.