பழைய கார் வாங்கப் போய்ப் பாடம் படித்த கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணாச்சி, மாணவர்களுக்கு வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். முன்னேறியவர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதை அவர்கள் சொல்லட்டும். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

எனக்குச் சொந்த ஊர் அஞ்சுகிராமம். குமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லை. ஊரைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம். ஒரு பக்கம் வட்டக்கோட்டை, இன்னொரு பக்கம் மயிலாடி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். அப்போது எங்கள் பக்கம் கார் என்றால் அம்பாசடர், இல்லாவிட்டால் பிரீமியர் பத்மினி. கல்யாண வீட்டுக்குக் காண்டெஸா ஒன்று வந்துவிட்டால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதைத்தான் சுற்றி நிற்போம். 1991-க்குப் பிறகு பொருளாதாரக் கதவு திறந்தது. வெளிநாட்டுக் கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2007 மார்ச்சில் சென்னைக்குத் தெற்கே சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை திறந்து, 3 வரிசைக் கார்களைக் கோத்து வெளியே விட ஆரம்பித்தார்கள். நம் தமிழ்நாட்டிலேயே அந்த வண்டி! எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

அந்த ரகக் காரில் அப்படி என்ன விசேஷம்? நம் பௌதிகப் பேராசிரியர் கரும்பலகையில் போட்ட அதே புவியீர்ப்பு மையம்தான். உயரமான ஜீப் வகை வண்டி வளைவில் சாயும். தாழ்ந்த செடான் சாய்வது குறைவு. 3 வரிசையில் என்ஜின் முன்னால் இருக்கும், ஓட்டுவது பின்சக்கரம். எடை முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப்பாதி. முன்சக்கரத்துக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான். இழுக்கிற வேலை இல்லை. ஸ்டியரிங் பிடித்த கைக்கு ரோடு என்ன சொல்கிறது என்பது நன்றாகத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று குறுக்கே அடிக்கும்போதும் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகும். இதெல்லாம் உண்மை.

ஆனால் புதுசு வாங்க என் சம்பளத்துக்குக் கட்டாது. நான் காற்றாலைக் கம்பெனி ஒன்றில் பராமரிப்பு வேலை. பழசு? அங்கேதான் தூண்டில் இருக்கிறது. சொகுசுக் கார் ஆறேழு வருஷத்தில் பாதி விலைக்கும் கீழே இறங்கிவிடும். புது மாருதி வாங்குகிற காசுக்கு ஜெர்மன் கார்! ஆனால் விலை இறங்குவது வண்டிக்குத்தான், உதிரிபாகம் என்றைக்கும் புதுக்கார் விலையில்தான் வரும். இதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். சொன்னான் ஒருத்தன். நான் கேட்கவில்லை.

அவன் என் வகுப்புத் தோழன். டிகிரி முடித்துவிட்டு நாகர்கோவிலில் வொர்க்ஷாப் வைத்தவன். 2016 ஆவணியில் ஒரு புரோக்கர் ஒன்பதரை லட்சத்துக்கு 2010 மாடல் டீசல் கார் ஒன்றைக் காட்டினார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். தப்பு கம்பெனியுடையது அல்ல. சென்னை நம்பர், கண்ணாடி மாதிரி பெயின்ட், உள்ளே வாசனை. தோழனுக்குப் போன் செய்தேன்.

"லே மக்கா, சென்னை வண்டியா? போன டிசம்பர்ல அங்க வெள்ளம் வந்தது ஓர்மை இருக்கா? கார்பெட்டத் தூக்கிப் பாரு. இல்லன்னா நான் வாற வரைக்கும் நில்லு" என்றான்.

நான் நிற்கவில்லை. வேறு ஆள் அட்வான்ஸ் தரப்போகிறார் என்று புரோக்கர் சொன்னார். அதோடு, நாமே எந்திரம் பார்க்கிறவன்தானே என்ற திமிர். முந்நூறு அடிக் கோபுரத்தில் ஏறிக் கியர் ஆயிலைச் சோதிக்கிறவன், குனிந்து ஒரு கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. சொசைட்டி லோனும் மனைவியின் வளையலும் போய், வண்டி வீட்டுக்கு வந்தது. ஒரு வருஷம் ராஜா மாதிரி ஓட்டினேன்.

2017 ஐப்பசி மழை. நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு பட்டனை அழுத்துகிறேன். போர்டில் எல்லா விளக்கும் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி மின்னுகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பத்து தடவை அழுத்தியிருப்பேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய ஆம்னியைக் கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் அரைமணி பிந்தியிருந்தா சொல்ல முடியாது" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

தோழன் வந்தான். "நான் அப்பமே சொன்னேம்லா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டைக் கழற்றினான், கார்பெட்டை உரித்தான். அடியில் காய்ந்த வண்டல். இந்த ரகக் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் பல, சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்கு அடியிலும்தான் ஓடும். தண்ணீர் வற்றிவிடும், செம்பில் பச்சைக் களிம்பு மெதுவாகப் பூத்துக்கொண்டே இருக்கும். ஒரு வருஷம் கழித்துத்தான் உயிரை வாங்கும்.

எப்படி இந்த வண்டிகள் சந்தைக்கு வருகின்றன? பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கணக்கு வைத்துக் காப்பீட்டுப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்துக்குப் போகும். அதை வாங்குகிறவர் உடைத்துப் பார்ட்ஸாக விற்கலாம். கழுவி, சென்ட் அடித்து உங்களுக்கும் விற்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே வெள்ளத்தில் மூழ்கியது என்று முத்திரை விழும். என் ஆர்.சி.யில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

இனிதான் நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதி. புரோக்கரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, ஏன் சூடாவுறிய? ஒயரைச் சுத்தம் பண்ணி ஓட வச்சிருங்க. வேற ஆளு தலையில கட்டிருவோம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடன் கழுத்தைப் பிடிக்கிறதே!

வந்தான் ஒரு தம்பி. கூடங்குளத்தில் கான்ட்ராக்ட் வேலை. எட்டு லட்சம் பேசி ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தான். மெக்கானிக்கைக் கூட்டி வரவில்லையா என்று சும்மா கேட்டேன். "எதுக்குண்ணே? நீங்க நம்ம காலேஜ்னு சொன்னாங்க. அது போதும்" என்றான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மக்கா, அந்தப் பயலுக்கும் ஒரு அப்பன் இருப்பான்லா?" என்றார். அவ்வளவுதான்.

காலையில் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவன் முன்னால் நானே கார்பெட்டைத் தூக்கிக் காட்டினேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். வண்டியைப் பார்ட்ஸுக்கு உடைக்கிறவரிடம் ஒன்றேமுக்கால் லட்சத்துக்குப் போட்டுவிட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்தேன். அந்த வண்டி இனி யார் அப்பாவையும் ஏற்றாது. கடனை அடைக்க மேலும் மூன்று வருஷம் ஆயிற்று.

ஆசை மட்டும் போகவில்லை! கடன் அடைந்த பிறகு, 2021-ல் மறுபடியும் ஒரு பழைய செடான் வாங்கினேன். இந்தத் தடவை தோழன் சொன்னபடி நடந்தேன். அவன் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன், தம்பிகளே, குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் என்ஜின் சூடாகுமுன் போக வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் கேட்கிற சத்தம்தான் உண்மை. செயின் கிலுகிலுவென்று உரசினால் திரும்பி வந்துவிடலாம். சில டீசல் என்ஜின்களில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும், மாற்ற என்ஜினையே இறக்க வேண்டும். அடுத்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளம் பார்த்த பெல்ட்டில் கறைக்கோடு நிற்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, டிக்கியின் அடிப்பள்ளத்தில் மண், எல்லாம் பார்த்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர். நாலையும் மாற்றுகிற செலவைக் கேட்டுக்கொண்டு விலை பேச வேண்டும்.

பிறகு ஸ்கேனர் மாட்டினான். கிலோமீட்டரைப் போர்டில் குறைத்துவிடுவார்கள். ஆனால் பல வண்டிகளில் அந்தக் கணக்கு வேறு பெட்டிகளிலும் பதிந்திருக்கும், ஒத்துப்பார்த்தால் பொய் தெரியும். நல்ல ரோடு, கெட்ட ரோடு இரண்டிலும் ஓட்டினான். சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருந்தால் அந்த வண்டியின் சுகமே போச்சு, அதற்காகத்தானே வாங்குகிறோம்! நம்மைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் அடிப்பக்கத்தை லிப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று யாருக்கும் தயவு காட்டாது. கடைசியில், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வை, முதல் வருஷச் செலவு அது என்றான். வைத்தேன், அதில் பாதிக்குமேல் செலவாகியும் விட்டது.

காகிதமும் முக்கியம். லோன் பாக்கி இருந்தால் 35-ஆம் படிவம்; பெயர் மாற்ற 29, 30. களியக்காவிளை தாண்டிக் கேரள வண்டி வாங்குகிறவர்கள் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, பன்னிரண்டு மாசத்துக்குமேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். டெல்லி டீசல் வண்டி மலிவாக வருகிறதே என்பார்கள். அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசலுக்கு 2015-லேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது; அதனால் வந்த மலிவு அது. அப்படி வந்த வண்டியை இங்கே வாங்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று. பைக் விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விடும் மாணவர்கள் நிறைய. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. நாலு கை மாறியிருந்தாலும் அப்படித்தான்.

இன்றைக்கு அந்தக் காரில்தான் வந்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கலாம். என் தோழன் மூன்றாவது வரிசையில் கறுத்த கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் அந்தக் கூடங்குளம் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாங்கியது ஒரு புது மாருதி. தவறாமல் ஸ்டார்ட் ஆகிறதாம். அப்பா போன வருஷம் தன் எண்பத்தி நாலாவது வயசில், வீட்டில், நிம்மதியாகப் போனார்.

"நம்ம காலேஜ்" என்ற ஒரு சொல்லை நம்பி ஐம்பதாயிரம் ரூபாயை நீட்டினார் ஒருத்தர். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதை விற்றுக் கடன் அடைத்துவிடாதீர்கள்.