ஷிப்டு முடிந்த பின்



சிப்காட்டில் ஷிப்டு மாறும்போது இயந்திரம் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று லாக் புத்தகத்தில் எழுதி ஒப்படைக்கிறீர்கள். உள்ளத்துக்கு அப்படி ஓர் ஏடு உண்டா?

புனித இஞ்ஞாசியாருக்கு இருந்தது. 1544, 1545-ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய நாட்குறிப்பில், செபத்தில் கண்ணீர் வந்த நாட்களைக்கூடக் குறித்திருக்கிறார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் ஒப்புதல் அளித்த அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் உள்ள முறை மிக எளிது. திருத்த வேண்டிய ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு கோடு. மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை அமைதியாக அமர்ந்து, மணி மணியாக நினைத்துப் பார்த்து, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. பிறகு நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். எழுதத் தெரியாத பாட்டிக்கும் இது முடியும்.

குருமடத்தில் கற்ற இதை நடுவில் பல ஆண்டுகள் கைவிட்டிருந்தேன். மீண்டும் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது என் கோபத்தை. புள்ளிகள் அதிகம் விழுந்தது ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில்! அதுவும் பூசைக்கு முன்னும் பின்னும். உங்களில் சிலருக்கு இது முன்பே தெரிந்திருக்கும். கண்மூடித் தியானித்த எனக்குத்தான் தெரியவில்லை.

இரவு ஷிப்டுக்காரர்கள் தூங்கி எழுந்ததும் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். ஏட்டைப் பத்திரமாக வையுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் அதை என்னிடம் நீட்ட வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.