பட்டறைக் காயமும் கைவைத்தியமும்

தச்சுப் பட்டறையோ, கொல்லுப் பட்டறையோ, எந்திரத் தொழிற்கூடமோ, எதுவாயினும் அங்கே பத்தாண்டு உழைத்தவருடைய கையை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும். அவர் தொழில் இன்னதென்று சொல்லிவிடலாம். இடக்கைச் சுட்டுவிரலின் குறுக்கே வெள்ளைக் கோடு போல் ஒரு தழும்பு இருந்தால் அவர் உளியோடு பழகியவர். பெருவிரல் நகம் மேடும் பள்ளமுமாக வளர்ந்திருந்தால் சுத்தியலுக்கு ஒருமுறையேனும் அகப்பட்டவர். முன்கையில் கடுகு சிந்தினாற்போலப் புள்ளிகள் தெரிந்தால் பற்றவைப்பு வேலை செய்தவர். தொழிற்பயிற்சிக் கூடத்தில் பல ஆண்டு மாணவர்களோடு பழகியவன் என்ற முறையில் இத்தகைய கைகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். அவற்றை உடையவர்கள் தழும்புகளைப் பற்றிச் சற்றுப் பெருமையோடுதான் பேசுவார்கள். "இதற்கெல்லாம் நான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை, ஐயா" என்று அப்பேச்சு முடியும்.

அந்தப் பெருமையில் ஒரு பாதி நியாயமானதே. ஒவ்வொரு கீறலுக்கும் மருத்துவரைத் தேடி ஓடினால் பட்டறையில் வேலை நடவாது. சிறு காயங்களை நாமே கவனித்துக்கொள்ளலாம். கவனித்துக்கொள்ளக் கற்கவும் வேண்டும். ஆனால் எந்தக் காயம் சிறிது, எது பெரிது என்று பிரித்தறிவதற்கு நம்மிடம் வழக்கிலுள்ள அளவுகோல் யாது? இரத்தம் மிகுதியாக வந்தால் பெரிது, வராவிட்டால் சிறிது. அந்த அளவுகோல் கோணலானது என்பதே, மாணவர்களே, நான் இன்று சொல்ல வந்த செய்தி. காயத்தின் பருமனைப் பார்ப்பதற்கு முன்னால், அதை உண்டாக்கியது எது, அஃது எவ்வளவு விசையோடு உள்ளே சென்றது என்று கேட்க வேண்டும்.

பட்டறைக்கென்று தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வைத்திய நூல் உண்டு. அஃது எழுதா நூல். விரல் வெட்டுப்பட்டால் மேசைமேல் கிடக்கும் கழிவுப் பஞ்சை எண்ணெயோடு எடுத்துச் சுற்று என்பது அதன் முதற் சூத்திரம். காப்பிப் பொடியை அப்பு, மூக்குப் பொடியைத் தூவு, கூரையிலிருந்து ஒட்டடை எடுத்து வை என்பன கிளைச் சூத்திரங்கள். சுட்டுக்கொண்டால் மை ஊற்று, கிரீஸ் தடவு என்று இன்னோர் அத்தியாயம். இவற்றுள் சற்று மதிப்போடு பேசத்தக்கது வெட்டுக்காயப் பூண்டு. வரப்பிலும் வேலியோரத்திலும் நீண்ட காம்பின் நுனியில் சிறு பூப் பூத்து நிற்கும் அப்பூண்டின் சாற்றைப் பிழிந்துவிட்டால் இரத்தம் கட்டும் என்பர். தொன்றுதொட்டு வந்த நம் நாட்டு மூலிகை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்து இங்கே குடியேறிய செடி அது. அதன் சாற்றை விலங்குகளிடத்துச் சோதித்த ஆய்வாளர் சிலர், புண் ஆற்றும் தன்மை ஓரளவு உண்டென்றே கூறியிருக்கின்றனர். ஆகவே இலையின் குணத்தில் எனக்கு வழக்கில்லை. வேலியோர மண்ணோடு பறித்த இலையை எண்ணெய் படிந்த உள்ளங்கையில் கசக்கித் திறந்த புண்ணில் பிழிகிறார்களே, அதில்தான் வழக்கு. அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கூரிய உளியால் நேர்ந்த வெட்டு பார்ப்பதற்கு அச்சந்தரும். விரல் நுனியில் இரத்த நாளங்கள் மிகுதியாதலால் சிறு வெட்டுக்கும் சட்டையெல்லாம் நனைந்துவிடும். ஆயினும் அது நேர்மையான காயம். உள்ளதை உள்ளவாறு வெளியே காட்டிவிடுகிறது. தூய துணி ஒன்றை மடித்து அதன்மேல் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 10 நிமிடம். அரை நிமிடத்துக்கொருமுறை துணியை விலக்கி, "நின்றுவிட்டதா?" என்று பார்க்கிறவர், உறையத் தொடங்கிய இரத்தத்தை ஒவ்வொரு முறையும் கலைத்துவிடுகிறார். நின்றபின் குழாய் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். நாம் குடிக்கத்தக்க நீர் எதுவோ அதுவே புண் கழுவவும் போதும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பி டிங்ச்சர் அயோடினைத் திறந்த புண்ணுக்குள் ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தசையையும் அது வருத்துகிறது என்பது இன்று தெரிந்த செய்தி.

கட்டுப் போடுமுன் இரண்டு சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம். விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியின் இருபுறத்தையும் யாரையேனும் தொடச் சொல்லுங்கள். ஒரு கணு மடங்கவில்லையென்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். ஒருபுறம் மரத்திருந்தால் நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம். அப்பொழுது இரத்தம் நின்றுவிட்டதே என்று மகிழ்ந்து வீட்டிற்குப் போய்விடக் கூடாது. வாய் பிளந்து நிற்கும் வெட்டும் தையலுக்கு உரியதே. நொடியில் ஒட்டும் பசையை ஊற்றி அதனை ஒட்டிவிடும் வழக்கம் இப்பொழுது பட்டறைகளில் பரவி வருகிறது. வியட்நாம் போரில் இரத்தப் பெருக்கை நிறுத்த இவ்வினத்துப் பசையைத் தெளித்ததுண்டு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தோலை ஒட்டுதற்கென ஒருவகைப் பசைக்கு ஒப்புதலும் அளித்தது. ஆனால் மருத்துவர் கையாளும் பசை வேறு, கடையில் செருப்பு ஒட்ட வாங்கும் பசை வேறு. பின்னது இறுகும்போது சூடேறித் தசையை நோகச் செய்யும்; உள்ளே கிடக்கும் அழுக்கையும் சேர்த்து மூடிவிடும்.

தன் காயத்துக்குத் தானே கட்டுப் போடுவதில் ஒரு தொல்லை உண்டு. அடிபட்ட கை போக எஞ்சுவது ஒரு கைதான். துணியைப் பிடிப்பதா, முடிச்சுப் போடுவதா? இத்தொல்லையிலிருந்து பிறந்ததே இன்று எங்கும் விற்கும் பிளாஸ்திரிப் பட்டை. அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் செய்யும் பணியிலிருந்த ஏர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட தம் மனைவி, தாம் இல்லாத வேளையிலும் தாமாகவே கட்டிக்கொள்ளட்டும் என்று, ஒட்டுநாடாவின் நடுவே இடைவிட்டு இடைவிட்டு மெல்லிய துணித் துண்டுகளை வைத்து 1920ஆம் ஆண்டில் ஆயத்தம் செய்து கொடுத்தார். மறு ஆண்டு அது பேண்ட்-எய்டு என்ற பெயரோடு கடைக்கு வந்தது. ஒரு கையாலேயே ஒட்டிக்கொள்ளத்தக்க கட்டு என்பதே அதன் முழுப் பெருமையும்.

இனி, இரத்தம் வாராத காயங்களுக்கு வருவோம். ஆணி குத்துகிறது. ஒரு துளி இரத்தம். துடைத்தால் துளை இருந்த இடமே தெரியவில்லை. துருப்பிடித்த ஆணியால் இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் வரும் என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் துருவுக்கும் அந்நோய்க்கும் நேரான உறவு கிடையாது. அந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறை பூண்டு ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் இயல்பினது. காற்றுப் புகாத இடத்தில்தான் அது விழித்தெழும். ஜப்பானியரான கிதசாத்தோ 1889இல் பெர்லின் நகரில் அதனைத் தனியே பிரித்து வளர்த்தபொழுது, காற்றை விலக்கி வைத்துத்தான் வளர்க்க முடிந்தது. குறுகலாய் ஆழமாய்ச் சென்று மேலே மூடிக்கொள்ளும் ஆணித்துளை அதற்கேற்ற அறையாக அமைகிறது. பெரிதாகத் திறந்து இரத்தம் பெருகும் வெட்டைக் காட்டிலும், வாய் மூடிய அச்சிறு துளை இவ்வகையில் அஞ்சத்தக்கது. நோய் தோன்றப் பெரும்பாலும் 3 நாள் முதல் 21 நாள் வரை ஆகும். அதற்குள் காயம் ஆறி, குத்தியதே மறந்து போயிருக்கும்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டில் குழந்தைப் பருவத்தில் போடுவது போக, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொரு முறை போடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களில் பலர் இவ்விரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்களாகவோ சற்றே கடந்தவர்களாகவோ இருப்பீர்கள். கடைசியாகப் போட்டது எந்த ஆண்டு என்று வீட்டில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாத காரணத்தாலேயே ஒவ்வொரு கீறலுக்கும் ஓர் ஊசி என்று போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறையும் போடாதவர்களும் இருக்கிறார்கள். முறையாக ஊசி போட்டு வந்தவருக்கு, அழுக்கான காயமாயின் 5 ஆண்டு கடந்திருந்தால்தான் மீண்டும் தேவை.

ஆணியினும் வஞ்சகமான துளை ஒன்றுண்டு. வயல்களுக்கு நீர் இறைக்கும் டீசல் எந்திரங்களைப் பழுது பார்ப்போர், எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சோதிப்பர். பழைய எந்திரங்களிலேயே அங்கே சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் அழுத்தம் இருக்கும். விரல் குறுக்கே போனால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியே தெரிவது ஊசி முனை அளவு புள்ளி. வலியும் முதலில் பெரிதாக இராது. விரலைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடரத்தான் எவருக்கும் தோன்றும். உள்ளே சென்ற எண்ணெயோ விரல் நெடுக, சில வேளை உள்ளங்கை வரையில், தசைநாண்களை ஒட்டிப் பரவி அழிவு செய்துகொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவர் திறந்து கழுவாவிடில் விரலையே எடுக்க நேரிடலாம். கிரீஸ் துப்பாக்கியாலும், வண்ணம் தெளிக்கும் உயர் அழுத்தக் கருவியாலும் நேர்வது இதுவே. மருத்துவமனையில் "ஏதோ குத்திவிட்டது" என்று சொன்னால் அங்கும் சிறு காயமாகவே கருதக்கூடும். இன்ன கருவி, இன்ன எண்ணெய், இத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும்.

தீப்புண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. குழாயைத் திறந்து, குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுவதே அதற்குக் கைவைத்தியம். பனிக்கட்டி வேண்டா, மை, பற்பசை, தோசை மாவு எதுவும் வேண்டா. வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கலாகாது. மின்சாரத்தால் பட்ட சூடு மட்டும் இக்கணக்கில் சேராது. தோலில் மிளகளவு கருகியிருக்க, உள்ளே வழி நெடுகத் தசை வெந்திருக்கக்கூடும்.

கண்ணைப் பற்றி மட்டும் சற்று விரித்தே சொல்கிறேன். சாணைச் சக்கரத்திலிருந்து பறந்த துகள் கண்ணில் விழுந்தால், பட்டறையில் உடனே ஒரு மூத்தவர் கைக்குட்டை முனையைத் திரித்துக்கொண்டு வந்துவிடுவார். அவருடைய அன்பில் ஐயமில்லை, கைக்குட்டையில்தான் ஐயம். தூய நீரால் கண்ணைக் கழுவலாம், பலமுறை இமைக்கலாம். அதற்கும் போகாத துகள் கருவிழியில் பதிந்துவிட்டது என்று பொருள். இரும்பாயின் ஒருநாளைக்குள் அதைச் சுற்றித் துரு வளையம் படிந்துவிடும். பற்றவைப்பு ஒளியைக் கண்ணாடியின்றிப் பார்த்தவருக்குப் பகலில் ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் மணலை அள்ளிப் போட்டாற்போல் கண் உறுத்தும். ஓரிரு நாளில் அது பெரும்பாலும் தானே தணியும். மரத்துப் போகச் செய்யும் சொட்டு மருந்தை யாரிடமோ வாங்கி மீண்டும் மீண்டும் விட்டுக்கொள்வதே அதிற் பெருங்கேடு. விழியின் புண் ஆறாமல் போகும். சுண்ணாம்போ மின்கல அமிலமோ தெறித்தால் யாரையும் எதையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் அரைமணி நேரம் நீரால் கழுவிக்கொண்டேயிருந்து, பின்னர் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உளியை ஓயாது அடித்தால் அதன் தலை காளான் போல் விரிந்து ஓரங்கள் பிளவுபடும். அவ்வோரத்தை அவ்வப்போது சாணையில் தேய்த்துவிட வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். எங்கள் கூடத்து மாணவர் ஒருவர் விடுமுறையில் உறவினர் பட்டறையில் அத்தகைய உளியொன்றை அடித்தபோது எஃகுத் துணுக்கொன்று சிதறிக் கண்ணருகே பட்டது. சுருக்கென்றது, ஒரு துளி நீர் வடிந்தது, மாலைக்குள் வலியும் நின்றது. கண்ணாடி அணியாமல் ஏன் அடித்தாய் என்று வீட்டில் கேட்பார்களே என்று அவர் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் வகுப்பில் அளவுகோலின் கோடுகளைப் படிக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "ஏன் தம்பி, அந்தக் கண்ணால் தெரியவில்லையா?" என்று கேட்டேன். "கொஞ்சம் புகைமூட்டமாக இருக்கிறது, சார்" என்றார். எக்ஸ்-கதிர்ப் படத்தில் துணுக்கு விழிக்கோளத்துக்குள் கிடந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். பார்வை பாதியளவே மீண்டது. சுத்தியலும் உளியும் மோதிப் பறக்கும் துணுக்கு விழியை ஊடுருவிச் செல்லும் வேகத்தில் வலியையும் பின்னால் விட்டுச் செல்லக்கூடும் என்பதை அன்றுமுதல் ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் நான் சொல்லி வருகிறேன். அதைவிட முக்கியமாக, எங்கள் கூடத்தில் காயத்தைச் சொல்ல வந்த மாணவரிடம் "ஏன்?" என்ற கேள்வியை மறுநாள்தான் கேட்பது என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளர்க்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்றும், வேலை நேரம் முழுவதும் அஃது எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. பெட்டிகள் வந்தன, அவற்றோடு பூட்டும் வந்தது. சாவி மேற்பார்வையாளர் சட்டைப் பையில் இருக்கும். அவர் உணவுக்குப் போயிருப்பார். பூட்டைத் திறந்தால் உள்ளே இறுகிப் போன மருந்துக் குப்பியும், திருப்புளி ஒன்றும், யாரோ வைத்த வெற்றிலையும் இருப்பதை நானே கண்டதுண்டு. எங்கள் பெட்டியில் பூட்டில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு கையால் திறக்கும்படி மாட்டியிருக்கிறோம். தூய துணிச் சுருள், பிளாஸ்திரிப் பட்டைகள், கத்தரிக்கோல், சிறாம்பு எடுக்கும் இடுக்கி, சோப்புக் கட்டி ஆகியவையே உள்ளே இருக்கின்றன. மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே ஆம்புலன்சுக்குரிய 108 என்ற எண். கீழே மாணவர் பெயர்களும், ஒவ்வொருவர்க்கும் நேராக அவர் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்ட மாதமும் ஆண்டும்.