பிறப்புச் சான்றிதழும் நோட்டரி முத்திரையும்

எங்காத்துப் பெண் 1984-ல் மாட்டுங்காவில் பிறந்தவள். ஆம்ஸ்டர்டாமில் வேலை கிடைத்தபோது, அங்கே நகராட்சிப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. நமக்குப் பதினோராம் நாள்தானே நாமகரணம், அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்விடும். 1969 சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி பெயரைப் பிறகு சேர்க்கலாம். காலக்கெடு உண்டு, மஹாராஷ்டிரத்தில் அதை நீட்டியும் இருக்கிறார்கள். குடியிருக்கும் வார்டு அல்ல, பிரஸவம் நடந்த இடத்து வார்டுக்குப் போக வேண்டும்: மாட்டுங்காவுக்கு எஃப் நார்த், தாராவிக்கு ஜி நார்த், செம்பூருக்கு எம் வெஸ்ட்.

நோட்டரி முத்திரை போதும் என்பார்கள். அவர் நகல் சரி என்பார், அவ்வளவே. பதிவாளரின் கையெழுத்தை மாநில அரசு உறுதி செய்து, வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் தர வேண்டும். இந்தியாவில் இது 2005 ஜூலை முதல். கனடா 2024 ஜனவரியில்தான் ஏற்றது. துபாய்க்கு இது செல்லாது, தூதரக அத்தாட்சி வேண்டும். சான்றிதழைத் தயவுசெய்து லாமினேட் செய்யாதீர்கள், முத்திரை எங்கே விழும்?

சேர ஐந்து வாரம் இருந்தது. நாலரை வாரம் இதிலேயே போயிற்று. பேரன் பேத்திகளின் சான்றிதழ்களை இன்றே எடுத்துப் பாருங்கள்.