மழலையின் கைச்சோறு

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்திற் குழந்தை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இருபது ஆண்டுகளாக யாம் வகுப்பறையிற் பேசிவரும் பொருளே அஃது. ஆயினும் அதன் மெய்ப்பொருளை எமக்கு உணர்த்தியவள், இரண்டு வயது நிரம்பிய எம் கடைசி மகளே ஆவாள். ஆகலின் ஏட்டிற் கண்டதையும் வீட்டிற் கண்டதையும் ஒருங்கே வைத்துச் சில கூற விழைகின்றோம்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நீங்கள் அறிவீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களோடு, ஆண்பாற்கும் பெண்பாற்கும் வெவ்வேறாகிய மூன்று பருவங்களுஞ் சேர்த்துப் பத்தாகப் பாடுவது அதன் முறை. திருமலை நாயக்கர் காலத்தில் நம் மதுரையிலே குமரகுருபரர் அருளிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இவ்வகையில் தலைசிறந்தது. இப்பருவங்களெல்லாம் புலவர்தம் கற்பனை என்றே இளமையில் யாம் கருதியிருந்தோம். ஒரு நாள் எம் மகள் பாயிலே ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடினாள். செங்கீரைக்கு நூலோர் கூறிய இலக்கணம் எம் கண்முன்னே ஆடக் கண்டோம். இதனை வகுத்தவர் குழவியின் அருகிருந்து நோக்கியவரே என்பது அன்று தெற்றென விளங்கிற்று.

வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாந் திங்களில் வைத்துக் கூறுவது மரபு. எம் மகளோ பதினைந்தாந் திங்களிலேதான் தனியே அடியெடுத்து வைத்தாள். இடைப்பட்ட இரண்டு திங்களில் அண்டை வீட்டார் கூறிய ஐயங்களும், எம் அன்னையார் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன்களும் பல. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து உலகச் சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, துணையின்றி நடக்கத் தொடங்குங் காலம் ஏறத்தாழ எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை விரிகின்றது. ஒரு குழந்தையை மற்றொன்றோடு ஒப்பிட்டு மருமகளை வருத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அதனை விடுதல் நன்று.

இனி மழலையைக் கருதுவோம். பகரமும் மகரமும் இரண்டு இதழும் பொருந்தப் பிறப்பன என்பது தொல்காப்பியர் கருத்து. அம்மா, அப்பா என்னும் சொற்கள் குழவிக்கு எளிதாதல் அதனாலன்றோ? நுனிநா உயர்ந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் ழகரமோ எளிதில் வருவதன்று. ஆதலின் எம் மகள் வாழைப்பழங் கண்டால், "பயம் வேணும், பயம் தா" என்பாள். தமிழாசிரியன் மகள் பயத்தை விரும்பி உண்கின்றாளே என்று எம் இல்லத்தார் நகைப்பர்.

டார்வின் என்னும் ஆங்கில அறிஞர், 1839-ஆம் ஆண்டிற் பிறந்த தம் தலைமகனின் செயல்களை நாட்குறிப்பாக எழுதி வைத்து, 1877-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஓராண்டு நிரம்பிய அம்மகவு, உணவைக் குறிக்க 'மம்' என்றொரு சொல்லைத் தானே படைத்துக்கொண்டதாம். நம் குழந்தைகள் சோற்றை 'மம்மு' என்பதை இதனோடு ஒப்பிட்டு மகிழ்க.

சென்ற சித்திரைத் திருவிழாவில், வைகையில் அழகர் இறங்குங் காட்சியை அவள் எம் தோள்மீதிருந்து கண்டாள். மறுநாள் தலையணை குதிரையாயிற்று, மரப்பாச்சி அழகராயிற்று. அடியார்கள் தோற்பையால் நீர் பீய்ச்சியதை நினைவிற்கொண்டு, செம்பு நீரைப் பாட்டியார்மேற் சொரிந்து "கோந்தா" என்றாள். கண்டதைக் கண்டவாறே செய்து பார்த்தல் இப்பருவத்தின் கல்வி. அக்கல்வியின் மற்றொரு பக்கத்தையும் நாணத்துடன் கூறவேண்டியுள்ளது.

ஒரு நாள் இரவு, மாணவர் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே உண்டுகொண்டிருந்தோம். தளர்நடையிட்டு வந்த சிறுமி எம் தட்டிலே கையிட்டாள், பிசைந்தாள், நெய்ச்சோற்றைத் தாள்களின்மேல் அப்பி, எஞ்சியதைத் தன் வயிற்றிலும் பூசிக்கொண்டாள். யாம் சினந்து அக்கையில் அடித்துவிட்டோம். அவள் அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு எம்மையே நோக்கி நின்றாள். மறுநாட் காலையில் மரப்பாச்சியை எதிரே இருத்தி, அதன் கையில் ஓங்கி அடித்து, எம் குரலிலேயே அதட்டினாள்.

அவையீர்! மதுரையை ஆண்ட பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய பாடலொன்று புறநானூற்றில் 188-ஆவதாக உள்ளது. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வராயினும், குறுகக் குறுக நடந்து வந்து, சிறு கையை நீட்டி, உணவைக் கலைத்து, மெய்யெல்லாம் பூசிக்கொள்ளும் மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளாற் பயனில்லை என்பது அதன் கருத்து. இருபது ஆண்டுகளாக அதனைப் பதம் பிரித்துப் பொருள் கூறி வந்தோம். அப்பாட்டே எம் இல்லத்திற் கால்முளைத்து நடந்து வந்தபோது அதனை அடித்தோம். மன்னனுக்குப் பேறாகத் தோன்றிய செயல், ஆசிரியனுக்குக் குற்றமாகத் தோன்றிற்று. சோறு சிந்திய தாள்களைத் துடைத்துக்கொண்டோம். அம்மரப்பாச்சியின்மேல் விழுந்த அடியைத் துடைக்க எம்மால் இயலவில்லை.

நம் சமூகத்து ஆடவர், பெரியோர் முன்னிலையில் தம் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுதல் மரியாதையன்று என்னும் வழக்கிலே வளர்ந்தவர். எம் மூத்த மைந்தர் இருவரையும் எம் தந்தையார் எதிரில் யாம் எடுத்ததேயில்லை. அவர்கள் முதலிற் கூறிய சொல் யாது, முதலடி வைத்த நாள் யாது என்று கேட்பின், எமக்கு விடை தெரியாது. ஆனால், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியபோது அம்மையே ஒரு சிறு பெண்ணாக வந்து, அவை நடுவே நாயக்கர் மடிமீதமர்ந்து, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு அணிவித்தாள் என்று செவிவழி வரலாறு கூறும். அரசன் மடியில் அவையறியப் பெண்மகவு இருந்தமை இவ்வூர்க்குப் பெருமையாயின், நமக்கு நாணம் எதற்கு?

மற்றொன்றும் கூறி முடிப்போம். அடியாத தந்தையரும் இக்காலத்தில் ஒரு பிழை செய்கின்றனர். குழந்தை சிந்தாமல் உண்ணும்பொருட்டுக் கைப்பேசியை அதன்முன் வைத்துவிடுகின்றனர். இரண்டு வயது நிரம்பாதவர்க்குத் திரை வேண்டா என்றும், அதன்மேல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாதென்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சோறு சிந்தாது, ஆனால் குழவி பாண்டியன் கண்டவாறு துழாவுவதும் பேசுவதும் இராது.

ஆகவே தந்தையர்க்கு எம் வேண்டுகோள் இரண்டு. நாடோறும் ஒரு வேளையேனும் குழந்தையைப் பக்கத்திலிருத்தி உண்மின். அது சிந்துமாயின் சிந்துக. அதன் புதுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைம்மின். யாம் எழுதத் தொடங்கியுள்ளோம். நேற்றைய குறிப்பு இது: மகள் ஒரு கவளத்தை எடுத்து மரப்பாச்சியின் வாயிலே அப்பி, "மம்மு தின்னு" என்றாள். அதனை அடிக்கவில்லை.