விரல் நுனி எண்ணும் நம் தோலின் நிறமும்

மயக்க மருத்துவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவினர், செவிலியர்கள், ஒளிமின்னணுப் பொறியாளர்கள், கருவி தயாரிப்பவர்கள் எனப் பல துறையினரும் ஒரே கூரையின்கீழ் கூடுவது அரிது. எனவே, இந்தக் கருத்தரங்கின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வியை எல்லோர் முன்னும் வைத்துவிடுவது நல்லது. பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை நம்பித்தான் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதா, படுக்கையில் சேர்ப்பதா என்று முடிவாகிறது. அந்த எண் யாருடைய விரலில் சரிபார்க்கப்பட்டது?

விரலைக் கவ்வும் அந்தச் சின்ன கிளிப்பைத் திறந்து பார்த்தால், ஒரு பக்கம் இரண்டு எல்இடி விளக்குகள் இருக்கும். ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு. மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 நானோமீட்டர். எதிர்ப்பக்கம் ஓர் ஒளியுணரி. சிவப்பு எரிந்து அணையும். அகச்சிவப்பு எரிந்து அணையும். இரண்டும் அணைந்திருக்கும் கணத்தில், வார்டின் டியூப்லைட் வெளிச்சம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று அளந்து கழித்துக்கொள்ளும். ஒரு நொடிக்குள் இந்தச் சுற்று நூற்றுக்கணக்கான முறை நடந்து முடிகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் இதற்கு நேர்மாறு. தோலும் எலும்பும் சதையும் ஒளியை மறிக்கின்றன. ஆனால் அவை துடிப்பதில்லை. துடிப்பது தமனி ரத்தம். உணரிக்கு வந்து சேரும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்குதான் இதயத்தோடு ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. இரண்டு நிறங்களிலும் அது எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சாச்சுரேஷன், அதாவது ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்ற அளவு.

இந்த வழியைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. டோக்கியோவின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் 1970-களின் தொடக்கத்தில் அவர் தேடியது ஆக்சிஜனை அல்ல. ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் கணக்கிடுவதே அவர் எண்ணம். சாயத்தின் வரைகோட்டில் ஒவ்வொரு துடிப்பும் ஓர் அலையாக வந்து கணக்கைக் கெடுத்தது. இரண்டாவது அலைநீளத்தைக் கொண்டு அந்த அலையை அழிக்கப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு மாறும்போதெல்லாம் அழிப்பு பிசகியது. அந்தப் பிசகில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர் பிடித்துக்கொண்டார். இடைஞ்சல் என்று ஒதுக்க வேண்டியதையே அளக்க வேண்டிய சமிக்ஞையாக மாற்றி, 1974-இல் தம் நாட்டு மருத்துவ மின்னணுவியல் மாநாட்டில் அறிவித்தார். அவருக்கு முன்பும் காதில் ஒளி பாய்ச்சி ஆக்சிஜன் அளந்தவர்கள் உண்டு. 1935-இல் ஜெர்மனியில் கார்ல் மத்தேஸ், பின்னர் உலகப்போர்க் கால விமானிகளுக்காக கிளென் மில்லிகன் என்று அந்த வரிசை நீள்கிறது. ஆனால் படுக்கையருகே நாள் முழுக்க, ஒவ்வொருவருக்கும் தனியே சரிசெய்யாமல் அளக்கும் வழி துடிப்பிலிருந்தே பிறந்தது.

அறுவை அரங்குக்கு அதைக் கொண்டுபோனதில் அமெரிக்காவின் நெல்கார் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் நியூ ஒரு மயக்க மருத்துவர். அவர்களுடைய கருவியில் சாச்சுரேஷன் இறங்கினால் துடிப்பின் ஒலியும் சுருதி இறங்கும். திரையைத் திரும்பிப் பார்க்காமலே மருத்துவரின் காதுக்கு ஆபத்து தெரிந்துவிடும். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இடம்பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து லான்செட் இதழில் வந்த ஆய்வொன்று, உலகில் சுமார் 77,000 அறுவை அரங்குகளில் இக்கருவி இல்லை என்று மதிப்பிட்டது.

அவோயாகி 2020 ஏப்ரலில் தம் 84-ஆம் வயதில் மறைந்தார். கோவிட் காரணமாக உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த மாதம் அது.

இனி முதல் கேள்விக்கு வரலாம். இரண்டு நிறங்களின் விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை இயற்பியல் சூத்திரத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஒளி திசுவுக்குள் சிதறுவதால் சூத்திரம் தனியே போதாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, சாச்சுரேஷனை 70 சதவீதம் வரை படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்து, கருவியின் விகிதத்தோடு பொருத்துகிறார்கள். அதற்குக் கீழே காட்டப்படும் எண் ஊகமே. ஆக, கருவிக்குள் இருப்பது அந்தத் தன்னார்வலர்களின் விரல்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2013-இல் வகுத்த வழிகாட்டலின்படி, பரிசோதனைக்குப் பத்துப் பேர் போதும். அவர்களில் குறைந்தது இருவர், அல்லது 15 சதவீதம் பேர், கருந்தோல் உடையவர்களாக இருந்தால் போதும்.

மெலனின் துடிப்பதில்லை, எனவே கணக்கில் அடிபட்டுப் போகும் என்பது கோட்பாடு. நடைமுறை வேறாக இருந்தது. கருந்தோலில், அதுவும் ஆக்சிஜன் குறைந்த நிலையில், கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று கலிபோர்னியாவின் பிக்லர், ஃபைனர், செவரிங்ஹவுஸ் மூவரும் 2005-இலேயே எழுதினார்கள். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மைக்கேல் ஷோடிங் குழு தந்த கணக்கு உலகை உலுக்கியது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடத்தில் 3.6 சதவீதம். 2022-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைகளின் கோவிட் பதிவுகளைப் பார்த்தவர்கள், ஆசிய வம்சாவளியினரிடமும் கருவி கூட்டிக் காட்டியதைக் கண்டார்கள். கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவை என்பதே தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. 2025 ஜனவரியில் எஃப்டிஏ வெளியிட்ட வரைவு, பத்துப் பேருக்குப் பதில் 150 பேருக்குக் குறையாமல் பரிசோதிக்கச் சொல்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது இது.

சில புள்ளிகள்தானே என்று யாரும் விட்டுவிட முடியாது. இந்தியக் கோவிட் வழிகாட்டலில் 90 முதல் 93 வரை மிதமான நோய், 90-க்குக் கீழே தீவிரம். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து விடுவதைக் காட்டும் வளைகோடு 90-க்குக் கீழே போனதும் செங்குத்தாக இறங்குகிறது. உண்மையில் 89-இல் இருப்பவருக்கு 93 என்று காட்டினால், அவர் சரிவின் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் பொறுத்திருக்கச் சொல்கிறோம்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ஹீமோகுளோபின் 14 கிராம் இருப்பவருக்கும் 7 கிராம் இருப்பவருக்கும் கருவி 98 என்றே காட்டலாம். முதலாமவரின் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 18 மில்லி ஆக்சிஜன், இரண்டாமவருக்கு 9 மட்டுமே. கார்பன் மோனாக்சைடு நச்சிலும் இதே ஏமாற்றம்தான்: புகை சூழ்ந்த அறையிலிருந்து தூக்கி வரப்பட்டவருக்கு நல்ல எண் காட்டும். குளிர்ந்த விரல், நடுக்கம், அடர்நிற நகப்பூச்சு ஆகியவற்றைச் செவிலியர்கள் நன்றாகவே அறிவார்கள். அலை வடிவம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டே எண்ணைக் குறிப்பது அவர்கள் பழக்கம். அலை காட்டாத, எண் மட்டும் காட்டும் மலிவான கருவிகளே வீடுகளில் நிறைந்திருக்கின்றன. 2021 ஜூலையில் மத்திய அரசு இவற்றின் வர்த்தக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதித்தது. விலைக்குக் காட்டிய அந்த அக்கறையைத் துல்லியத்துக்கும் காட்ட வேண்டும்.

அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாள்தோறும் ஏபிஜி எனும் தமனி ரத்த வாயுப் பரிசோதனை எடுக்கிறார்கள். ஊசி ஏறும் அதே நிமிடத்தில் விரல் கருவி காட்டும் எண், கருவியின் மாடல், ஹீமோகுளோபின், நிறமானியால் அளந்த தோல் நிறம் ஆகிய நான்கையும் பக்கத்திலேயே குறித்தால் போதும். ஒரு நிபந்தனை: ரத்தத்தின் சாச்சுரேஷன் கோ-ஆக்சிமீட்டரில் நேரடியாக அளந்ததாக இருக்க வேண்டும், கணக்கிட்டு வந்த எண் இதற்கு உதவாது. பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ள தமிழ்நாட்டில் இதை ஓராண்டு தொடர்ந்து செய்தால், நம் தோலுக்கு எந்தக் கருவி எவ்வளவு பிசகுகிறது என்பது எண்களாகவே கையில் இருக்கும்.

இக்கருத்தரங்கு கலைவதற்குள் அந்தப் பதிவுக்கான பொதுப் படிவம் ஒன்றை மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வகுத்துத் தர வேண்டும். எந்தெந்த மருத்துவமனைகள் முதலில் தொடங்கும் என்பதையும் இங்கேயே முடிவு செய்து, பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி அவையோரைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.